பக்ஸ் பன்னியை உருவாக்கியவர் என்று யார் பெயரை எழுதுவது?

கேள்வி: செக்காலை ஓவிய ஆசிரியை

வணக்கம். காரைக்குடியில் ஒரு பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். ஆண்டு விழாவுக்காக எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கார்ட்டூன் பாத்திரங்களின் பிறப்பைப் பற்றி ஒரு கண்காட்சி தயாரித்து வருகிறார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் அட்டை. அதில் பெயர், முதலில் தோன்றிய இடம், ஆண்டு, உருவாக்கியவர் என்று நான்கே வரிகள். பாப்பாய்க்கு 1929, ஈ. சி. சீகர் என்று எழுதி முடித்துவிட்டோம். மிக்கி மவுஸுக்கு 1928 என்று போட்டு, வால்ட் டிஸ்னியின் பெயருக்குப் பக்கத்தில், அந்த எலியைக் கையால் வரைந்து அசைய வைத்த அப் ஐவர்க்ஸின் பெயரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஒரு மாணவி விடாமல் வாதாடியதால் அதையும் சேர்த்தோம்.

பக்ஸ் பன்னி என்ற கார்ட்டூன் முயலிடம் வந்ததும் வேலை அப்படியே நின்றுவிட்டது. ஒரு குழு 1938, பென் ஹார்டவே என்கிறது. இன்னொரு குழு 1940, டெக்ஸ் ஏவரி என்கிறது. சக் ஜோன்ஸ்தான் என்று ஒரு மாணவனின் தந்தை உறுதியாகச் சொல்லியனுப்பினார். பாப் கிளாம்பெட் என்ற இயக்குநர் தாமே அந்த முயலுக்குத் தந்தை என்பதுபோலப் பேசும் பழைய பேட்டி ஒன்றையும் யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். இவை போதாவென்று, இது டிஸ்னி முயலின் நகல் என்று ஒருவரும், சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய நம் பஞ்சதந்திர முயல்தான் அமெரிக்காவுக்குப் போயிருக்கிறது என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். அட்டையில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. எதை எழுதுவது, எந்த அடிப்படையில் எழுதுவது என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி: தேவகோட்டை வடிவமைப்பாளன்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் தேவகோட்டைக்காரன், சென்னையில் ஓர் அசைபட நிறுவனத்தில் பாத்திரங்களுக்கு மாதிரித் தாள், அதாவது எல்லா ஓவியர்களும் ஒரே மாதிரி வரைய வழிகாட்டும் தாள், வரைவது என் வேலை. அந்தத் தொழிலில் இருப்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது.

இந்தப் படங்கள் எல்லாம் லியோன் ஷ்லெசிங்கர் என்ற தயாரிப்பாளரின் ஹாலிவுட் கூடத்தில் உருவாகி, வார்னர் பிரதர்ஸ் வழியாகத் திரையரங்குகளுக்குப் போனவை. 1944இல் அவர் அதை வார்னருக்கு விற்கும் வரை கூடம் அவருடையது. உள்ளே பல இயக்குநர்கள், ஒவ்வொருவருக்கும் தனிக் குழு. ஒரு குழு கண்டுபிடித்த வேடிக்கையை அடுத்த குழு கூச்சமில்லாமல் எடுத்தாளும். யாரும் அதைத் திருட்டு என்று நினைக்கவில்லை. நீங்கள் சந்திக்கும் குழப்பம் அந்தப் பழக்கத்திலிருந்து வருவது.

1937இல் டெக்ஸ் ஏவரி, போர்க்கிப் பன்றி வாத்து வேட்டைக்குப் போகும் ஒரு படம் எடுத்தார். அதில்தான் டாஃபி டக் பிறந்தது. அது மக்களுக்குப் பிடித்துப்போகவே, 1938 ஏப்ரல் 30 அன்று வெளிவந்த 'போர்க்கீஸ் ஹேர் ஹன்ட்' படத்தில் பென் ஹார்டவே, கால் டால்டனோடு சேர்ந்து, ஏறத்தாழ அதே கதையில் வாத்துக்குப் பதில் ஒரு முயலை வைத்தார். வெள்ளை நிறம், கட்டையான உடம்பு, காரணமில்லாத சிரிப்பு, ஓயாத குதியாட்டம். 1939இல் ஹார்டவேயும் டால்டனும் 'ஹேர்-அம் ஸ்கேர்-அம்' படத்தில் அதையே சாம்பல் நிற முயலாக்கினார்கள். அதற்கு உருவம் வரைந்தவர் டிஸ்னியில் வேலை பார்த்துவிட்டு வந்த சார்லி தோர்சன். 1940 மார்ச்சில் சக் ஜோன்ஸ், எல்மர் என்ற அப்பாவி மனிதர் முயலைப் புகைப்படம் எடுக்கப் போய் அல்லல்படும் 'எல்மர்ஸ் கேண்டிட் கேமரா'வை எடுத்தார். நல்ல ஓவியம், ஆனால் படம் நகரவே மாட்டேன் என்கிறது.

பிறகு 1940 ஜூலை 27. ஏவரி இயக்கிய 'எ வைல்ட் ஹேர்'. மாணவர்களோடு இதன் தொடக்கத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எல்மர் துப்பாக்கியோடு பூனை நடை நடந்து வந்து, வளையின் வாயருகே ஒரு கேரட்டை வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் ஒளிகிறார். உடனே முயல் வெளியே வராது. வெள்ளைக் கையுறை அணிந்த ஒரு கை மட்டும் வளையிலிருந்து மேலே வரும். விரல்கள் தரையைத் தட்டித் தடவித் தேடும். கேரட் தட்டுப்பட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டு மறையும். முகம் தெரிவதற்கு முன்பே, அந்தக் கையை வைத்தே இது எப்படிப்பட்ட ஆள் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. சற்று நேரத்தில் எல்மர் வளையை வெறிகொண்டு தோண்டிக்கொண்டிருக்க, முயல் வேறொரு வளை வழியாக அவருக்குப் பின்னால் ஏறி வந்து, கேரட்டை மென்றபடி, என்ன சங்கதி என்று விசாரிக்கிறது. துப்பாக்கி ஏந்தியவனிடம் குசலம் விசாரிக்கும் இரை! 'வாட்ஸ் அப், டாக்' என்ற அந்தச் சொற்றொடர் டெக்சாஸில் தாம் படித்த பள்ளியில் எல்லாரும் சாதாரணமாகப் புழங்கியது என்றும், திரையரங்கில் அதற்கு எழுந்த சிரிப்பைத் தாங்களே எதிர்பார்க்கவில்லை என்றும் ஏவரி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

தோர்சனின் முயல் கொஞ்சும் அழகோடு இருக்கிறது, அது இந்தக் கதைக்கு உதவாது என்று ஏவரிக்குப் பட்டதால், பாப் கிவன்ஸ் புதிதாக மாதிரித் தாள் வரைந்தார். உடம்பு நீண்டது, நிமிர்ந்தது, முகம் நீள்வட்டமானது. முந்தைய முயல்களுக்கு நிதானம் கிடையாது. இதற்கு நிதானம்தான் எல்லாமே. ஆகவே என் பரிந்துரை: முதற்படம் 'எ வைல்ட் ஹேர்', ஆண்டு 1940, உருவாக்கியவர் டெக்ஸ் ஏவரி. அந்தப் படம் அகாதமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. விருது எம்ஜிஎம் நிறுவனத்தின் 'தி மில்கி வே'க்குப் போனது.

மறுமொழி: கண்டனூர் வாசகர்

தேவகோட்டைத் தம்பி விளக்கமாக எழுதியிருக்கிறார், நன்றி. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த முயலின் பெயரே ஹார்டவேயிடமிருந்து வந்தது. சக ஊழியர்கள் ஹார்டவேயைக் கூப்பிட்ட செல்லப் பெயர் 'பக்ஸ்'. அவருடைய படத்துக்காகத் தோர்சன் வரைந்த மாதிரித் தாளில், பக்ஸ் கேட்ட முயல் என்ற பொருளில் 'பக்ஸ்' பன்னி' என்று எழுதிவைத்தார், அது 1939. ஏவரியின் 1940ஆம் ஆண்டுப் படத்தில் முயலுக்குப் பெயரே சொல்லப்படவில்லை. தலைப்பு அட்டையில் அந்தப் பெயர் முதன்முதலாக அச்சானது 1941 ஜனவரியில், சக் ஜோன்ஸின் 'எல்மர்ஸ் பெட் ராபிட்' படத்தில். அப்படியிருக்க, உருவாக்கியவர் என்ற வரியில் பெயருக்குச் சொந்தக்காரர் இடம் பெறாமல் போவது எப்படி நியாயம்?

பெயரோடு நிற்கவில்லை. வேட்டைக்காரன் ஒருவன், அவனை ஆட்டிவைக்கும் முயல் என்ற மூலக்கதை 1938இலேயே இருக்கிறது. எதிராளியைப் பார்த்து, இதன் பொருள் போர்தான் என்று முயல் அறிவிப்பதும் அந்தப் படத்திலேயே இருக்கிறது. அதுவும் நகைச்சுவை நடிகர் குரோச்சோ மார்க்ஸிடமிருந்து வாங்கியது என்பது வேறு விஷயம். சாவதுபோல நடித்து எல்மரைக் கலங்கடிக்கும் உத்தி ஜோன்ஸின் மார்ச் மாதப் படத்திலேயே வந்துவிட்டது. எல்மருக்கு ஆர்தர் கியூ. பிரையன் கொடுத்த அந்த மழலைக் குரலும் அப்படித்தான், 'எ வைல்ட் ஹேர்' படத்துக்கு முன்பே தயாராக இருந்தது. ஏவரி செய்தது சமைத்து வைத்திருந்ததைத் தாளித்து இறக்கியது என்பேன்.

வேறொன்றையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். 'எ வைல்ட் ஹேர்' படத்தின் தொடக்க அட்டையில் மேற்பார்வை ஏவரி, கதை ரிச் ஹோகன், அசைவு வர்ஜில் ராஸ், இசை கார்ல் ஸ்டாலிங் என்று இருக்கும். வர்ஜில் ராஸ் மட்டுமா அத்தனையையும் வரைந்தார்? வினாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஏழு நிமிடப் படத்துக்குப் பத்தாயிரம் சட்டகங்களுக்கு மேல் வேண்டும். அசைவு வரைந்த பலரில் ஒருவர் பெயரை மட்டும் முறை வைத்துப் போடுவது அந்தக் கூடத்து வழக்கம். முயலுக்கு முகம் கொடுத்த கிவன்ஸின் பெயர் அதில் இல்லை. எங்கள் ஊர் வீடுகளில் முகப்பு நிலையின் மேல் கட்டியவரின் விலாசம் பெரிதாகப் பொறித்திருக்கும், அந்த நிலையில் யாளியையும் கொடியையும் செதுக்கிய ஆசாரியின் பெயர் எங்கும் இராது. அதே கதைதான் இங்கும்.

கொசுறாக ஒரு செய்தி: ஹார்டவே பிறகு வால்டர் லான்ட்ஸின் கூடத்துக்குப் போய், 1940 முடிவதற்குள் வுடி வுட்பெக்கரின் முதல் படக்கதையில் பங்கேற்றார். அந்த மரங்கொத்தியின் பைத்தியக்காரச் சிரிப்பைக் கேட்டுவிட்டு, 1938ஆம் ஆண்டு முயலின் சிரிப்பைக் கேளுங்கள். இரண்டுக்கும் முதலில் குரல் கொடுத்தவர் ஒருவரே.

மறுமொழி: பள்ளத்தூர் ஆச்சி

அந்த ஒருவரைப் பற்றி இருவரும் விரிவாக எழுதவில்லையே என்று வந்தேன். மெல் பிளாங்க். ஓவியம் கற்பிக்கும் ஆசிரியை என்பதால் கோட்டையும் வண்ணத்தையும் பற்றியே பேச்சு போகிறது. ஆனால் எங்கள் பேரப் பிள்ளைகள் பக்கத்து அறையிலிருந்து கேட்டாலும் இது இன்ன கார்ட்டூன் என்று சொல்வது குரலை வைத்துத்தான்.

நியூயார்க்கின் பிராங்க்ஸ், புரூக்ளின் பகுதிகளில் பேசும் பேச்சைக் கலந்து இந்த முயலின் குரலை உண்டாக்கியதாக பிளாங்க் சொல்லியிருக்கிறார். அந்தப் பேச்சில் வளர்ந்தவன் யாருக்கும் எளிதில் பயப்படமாட்டான், எதையும் பேசியே சமாளித்துவிடுவான் என்று அமெரிக்கப் பார்வையாளர்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் தெரியும். நம் திரைப்படங்களில் மதுரைப் பேச்சு பேசும் பாத்திரம் வாயைத் திறந்ததுமே அதன் குணம் நமக்குப் பிடிபடுகிறதல்லவா, அதைப் போல. தம்பி சொன்ன நிதானம் கோட்டில் பாதி, குரலில் பாதி.

இதில் வேலை நடக்கும் வரிசையையும் கவனிக்க வேண்டும். காரைக்குடிக்காரர்களுக்கு ஏ.வி.எம். என்றால் விளக்க வேண்டியதில்லை. 1944இல் மெய்யப்பச் செட்டியார் கன்னட 'ஹரிச்சந்திரா'வுக்குத் தமிழ்க் குரல் சேர்த்து வெளியிட்டது மொழிமாற்றுப் படங்களில் முன்னோடி. அங்கே உதட்டசைவு ஏற்கெனவே படத்தில் இருக்கிறது, குரல் அதற்கு அடங்கிப் போக வேண்டும். ஹாலிவுட் கார்ட்டூனில் இது தலைகீழ். முதலில் குரலைப் பதிவு செய்வார்கள். ஓவியர் அதைக் கேட்டு, எந்த எழுத்து எந்தச் சட்டகத்தில் விழுகிறது என்ற அட்டவணையைப் பார்த்து வாயை வரைவார். பிளாங்க் ஒரு சொல்லை இழுத்தால் முயலின் புருவமும் அந்த நேரத்துக்கு உயர்ந்து நிற்கும். குரல்காரர் படத்துக்குப் பின்னால் வருபவர் அல்லர், முன்னால் வருபவர்.

கேரட் மெல்லும் ஓசைக்கு அவர் உண்மையான கேரட்டையே கடித்துவிட்டு, வசனம் பேசுவதற்காக உடனே துப்பிவிடுவாராம். வேறு காய்களைக் கடித்துப் பார்த்தும் அந்த ஓசை வரவில்லை. அவருக்குக் கேரட் ஒவ்வாது என்று ஒரு கதை உலவுகிறது, அதை அட்டையில் ஏற்ற வேண்டாம். கேரட்டைக் கடித்துக்கொண்டே அலட்சியமாகப் பேசும் பாணிக்கு முன்மாதிரி, 1934ஆம் ஆண்டின் 'இட் ஹாப்பன்ட் ஒன் நைட்' படத்தில் கிளார்க் கேபிள் வேலியோரம் நின்று கேரட் தின்றபடி பேசும் காட்சி என்பார்கள். அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் அந்தப் படத்தை நன்றாக அறிந்தவர்கள், ஆகவே முயலைப் பார்த்ததும் சிரிப்பு இரட்டிப்பானது. 'எ வைல்ட் ஹேர்' படத்தில் முயல் எல்மரின் கண்ணைப் பொத்தி, யார் என்று கண்டுபிடி என்னும்போது எல்மர் சொல்லும் நடிகைகளின் பெயர்களில் கரோல் லொம்பார்டும் இருந்தார். அவர் கேபிளின் மனைவி. 1942இல் அவர் விமான விபத்தில் இறந்த பிறகு, மறுவெளியீட்டில் அந்தப் பெயரை மாற்றிவிட்டார்கள்.

உருவாக்கியவர் வரியில் பிளாங்கைச் சேர்ப்பதா என்பது உங்கள் விருப்பம். குரல் என்று ஐந்தாவது வரி ஒன்றைச் சேருங்கள் என்பது என் வேண்டுகோள்.

மறுமொழி: தேவகோட்டை வடிவமைப்பாளன்

ஆச்சி எழுதியதை ஏற்கிறேன், ஐந்தாவது வரி அவசியம். கண்டனூர் ஐயாவுக்கு மட்டும் ஒரு பதில்.

பொருள்கள் எல்லாம் முன்பே இருந்தன என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் 1938, 1939 படங்களின் முயலைப் பார்த்தால், அது வேட்டைக்காரன் வராவிட்டாலும் ஆடும், பாடும், தனக்குக் கிறுக்கு என்று தானே சொல்லிக்கொள்ளும். அதைப் போர்க்கியோடும் சேர்க்கலாம், ஒரு நாயோடும் சேர்க்கலாம், அதே ஆட்டம்தான். 1940ஆம் ஆண்டு முயல் எதிராளியைப் பார்த்து நடக்கிறது. அவன் கோபப்பட்டால் இது அமைதியாகும், அவன் அழுதால் இது ஆறுதல் சொல்லும். பின்னாளில் சக் ஜோன்ஸ் வகுத்துக்கொண்ட விதியும் இதிலிருந்து விளைந்ததே: முயல் தானாக வம்புக்குப் போகக் கூடாது, யாராவது சீண்டிய பிறகே பதிலுக்கு இறங்க வேண்டும். ஹார்டவேயின் முயலுக்கு இந்த விதி பொருந்தவே பொருந்தாது. பெயர் தொடர்கிறது என்பதற்காக ஆளும் அதே ஆள் ஆகிவிட மாட்டான். இத்தனைக்கும் ஏவரி இந்த முயலை வைத்து இயக்கியவை நான்கே படங்கள்தான். 1941இல் 'தி ஹெக்ளிங் ஹேர்' படத்தின் முடிவுக் காட்சி வெட்டப்பட்டதில் ஷ்லெசிங்கரோடு மனக்கசப்பு ஏற்பட்டு அவர் எம்ஜிஎம்முக்குப் போய்விட்டார். அதன் பிறகு வளர்த்தவர்கள் ஜோன்ஸ், ஃபிரிஸ் ஃபிரெலெங், கிளாம்பெட், மெக்கிம்சன் ஆகியோர்.

கிளாம்பெட் பற்றி: அவர் இயக்கிய பக்ஸ் பன்னிப் படங்கள் துள்ளல் மிகுந்தவை, திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் 1970களில் அவர் அளித்த பேட்டிகளிலும், அவரே முன்னின்று பேசும் 1975ஆம் ஆண்டு ஆவணப்படத்திலும், மற்றவர்களின் பங்கையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார் என்று ஜோன்ஸும் ஏவரியும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1979இல் ஜோன்ஸ் தொகுத்த திரைப்படத்தில் பக்ஸ் தன் தந்தையர் என்று பலரை வரிசைப்படுத்தும்போது கிளாம்பெட்டின் பெயரை விட்டுவிட்டார். அதுவும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். பங்காளிச் சண்டை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? ஆக, அந்தப் பேட்டியை மட்டும் ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்; ஜோன்ஸின் பட்டியலையும் வேண்டாம்.

டிஸ்னி பற்றிய கேள்வியில் ஓரளவு உண்மை இருக்கிறது. 1935இல் வந்த ஆமை, முயல் ஓட்டப்பந்தயக் குறும்படத்தில் மேக்ஸ் என்ற முயல் வரும். மிடுக்கும் அலட்சியமும் கொண்டது. வார்னரில் வேலை பார்த்த ஃபிராங்க் டாஷ்லினே பக்ஸை அந்த முயலின் வார்ப்பு என்று கருதினார். ஆனால் மேக்ஸ் தற்பெருமையால் தோற்கும் முயல், பக்ஸ் தோற்பது அபூர்வம். ஏவரியே 1941இல் இதை வைத்து விளையாடி, பக்ஸை ஆமையிடம் தோற்க வைத்துக் கதறவிட்டார்.

பஞ்சதந்திரத் தொடர்பை நான் ஏற்கவில்லை. வலியவனை ஏய்க்கும் எளிய முயல் பல நாட்டுக் கதைகளில் உண்டு. அமெரிக்காவில் ஆப்பிரிக்க வழிவந்த மக்கள் சொல்லிவந்த பிரேர் ராபிட் கதைகள் அவர்களுக்கு நம் கதையைவிட மிக அருகில் இருந்தன. ஹார்டவேயும் ஏவரியும் சிங்கத்தின் கிணற்றை நினைத்து வரைந்தார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. அப்படிச் சொன்னவரிடம், ஒப்பிட்டு மகிழலாம், மூலம் என்று எழுத முடியாது என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி: செக்காலை ஓவிய ஆசிரியை

மூவருக்கும் மாணவர்கள் சார்பில் நன்றி. வகுப்பில் இந்த மறுமொழிகளை வாசித்துக் காட்டினேன். தேவகோட்டை அண்ணன் கட்சிக்கும் கண்டனூர் ஐயா கட்சிக்கும் ஆட்கள் சமமாகப் பிரிந்துவிட்டதால், அட்டையின் அளவைப் பெரிதாக்குவது என்று தீர்மானித்தோம். இப்போது எழுதியிருப்பது இது:

"பெயர்: பக்ஸ் பன்னி. முன்னோடி முயல்: 'போர்க்கீஸ் ஹேர் ஹன்ட்', 1938, பென் ஹார்டவே, கால் டால்டன். பெயர் வந்தது: 1939, ஹார்டவேயின் செல்லப் பெயரிலிருந்து, சார்லி தோர்சனின் மாதிரித் தாள் வழியாக. இன்று நாம் அறியும் குணத்தோடு முதற்படம்: 'எ வைல்ட் ஹேர்', 1940. இயக்கம்: டெக்ஸ் ஏவரி. உருவம்: பாப் கிவன்ஸ். குரல்: மெல் பிளாங்க்."

உருவாக்கியவர் என்ற வரியை எடுத்துவிட்டோம். மிக்கியின் அட்டையையும் இதே முறையில் மாற்றி எழுத வேண்டும் என்று அந்த மாணவி இப்போது அடுத்த வாதத்தைத் தொடங்கியிருக்கிறாள். அட்டையின் அருகே வைக்க எந்தப் படத்தை வரையச் சொல்வது?

மறுமொழி: கண்டனூர் வாசகர்

அட்டை நன்றாக அமைந்திருக்கிறது, எனக்கு மறுப்பில்லை. ஒரு படம் போதாது, நான்கு தலைகளை ஒரே அளவில் பக்கம் பக்கமாக வரையச் சொல்லுங்கள்: 1938இன் வெள்ளை முயல், தோர்சனின் 1939ஆம் ஆண்டு முயல், கிவன்ஸின் 1940, கடைசியாக ராபர்ட் மெக்கிம்சன் 1943இல் திருத்தி வரைந்த முகம். நாம் இன்று பார்க்கும் பக்ஸ் பெரும்பாலும் அந்த நான்காவதுதான். பிள்ளைகள் வரையும்போது கன்னத்தின் அகலத்தையும், இரண்டு கண்களுக்கு நடுவில் விடும் இடைவெளியையும், முன்பற்கள் உதட்டுக்குக் கீழே எவ்வளவு தெரிகின்றன என்பதையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மெக்கிம்சனின் பெயரையும் அட்டையில் சேர்க்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.